சுமாராகத்தான் படிப்பாள்

முறம் தரையில் உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா அம்மிணி? புடைக்கிற சத்தம் இல்லை, அது வேறு. இது முறத்தின் முதுகு மண்ணில் இழுபடுகிற சத்தம். சாம்பலும் ஓட்டாஞ்சில்லும் காய்ந்த சாணியும் கலந்த குப்பைமேட்டில் ஒரு பழைய முறத்தை ஒருத்தி இழுத்துக்கொண்டு போகிறாள். கரகரவென்று ஒரு சத்தம். ஓட்டில் மாட்டி ஒரு நிறுத்தம். மறுபடியும் கரகர. முறத்துக்குள் பிறந்து பதினோரு நாளான என் பெண். அவள் அழவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பார்க்கக் கூடாது என்று என் மாமியார் சொல்லியிருந்தார். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஈரோட்டில் ஏறியதிலிருந்து பார்க்கிறேன். "உனக்கில்லாம வேற யாருக்குக் கண்ணு கிடைக்கும், உனக்குத்தான்" என்று உங்கள் பெண்ணிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். பெட்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள். டீ விற்கிற ஆள்கூட நின்று அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நாளைக்கு இன்டர்வியூ என்கிறீர்கள், சென்னையில் பெரிய காலேஜ் என்கிறீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. அவள் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். ஜன்னல் கம்பியில் தலை இடிக்காமல் மட்டும் அந்தத் துண்டை மடித்து வையுங்கள். ஆம், அப்படித்தான்.

நான் உடுமலைப்பேட்டை. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறேன்.

படிக்காத கிழவி பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள். அறுபத்துநாலாம் வருஷத்திலேயே பி.ஏ. முடித்தவள் நான். சரித்திரம். காலேஜில் மூடநம்பிக்கையை ஒழிப்பது பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினேன். கொடுத்தது ஒரு பீங்கான் கோப்பை. அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால்.

முதல் பையன் நாற்பது நாள் இருந்தான். இரண்டாவது பையன் பல் முளைக்கிறவரைக்கும் இருந்தான். இரண்டு பேரும் நல்ல நிறம். வருகிறவர்கள் எல்லாம் தூக்கித் தூக்கிக் கொஞ்சினார்கள். ராஜா மாதிரி இருக்கிறான் என்று நானும் சொன்னேன், என் வாயாலேயே சொன்னேன். அவ்வளவுதான் அதைப் பற்றி.

மூன்றாவது பெண். என் மாமியார் இந்தத் தடவை எங்களை ஒன்றும் கேட்கவில்லை. முறத்தை எடுத்து வந்தார். எதிர்வீட்டு நாச்சக்காவைக் கூப்பிட்டார். நாச்சக்காவுக்கு ஆறு பிள்ளை, ஆறும் இருந்தன, அதனால் அவள். அவள்தான் முறத்தை இழுத்தவள். இழுத்து முடித்து, பிள்ளையை எடுத்துக்கொண்டு, "யாரோ வேண்டாம்னு குப்பையில போட்டுட்டுப் போன புள்ள, நான் எடுத்துக்கறேன்" என்றாள். சத்தமாகச் சொல்ல வேண்டும். யார் காதில் விழ வேண்டுமோ அந்தக் காதில் விழ வேண்டும். பிறகு நான் போய் ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது முகத்தில் ஆசை தெரியக் கூடாது. "என்னமோ, வீட்டு மூலையில கிடக்கட்டும்" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். சொன்னேன். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. சொன்னேன்.

குப்பாத்தாள் என்று பெயர் வைத்தோம்.

பிழைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் அம்மை வந்த வருஷம்கூட அவளுக்கு ஒன்றுமில்லை. நீங்களே சொல்லுங்கள் அம்மிணி, ஒன்று பலித்துவிட்டால் அதை நடுவில் எப்படி நிறுத்துவது? எந்த நாளில் நிறுத்துவது? நடக்க ஆரம்பித்ததும் நிறுத்தலாமா? பள்ளிக்கூடம் போனதும் நிறுத்தலாமா? நிறுத்தின அன்றைக்கே ஏதாவது ஆனால்?

அதனால் நான் நிறுத்தவில்லை. ரேங்க் கார்டு கொண்டுவந்து நீட்டுவாள். "போன தடவை இன்னும் நாலு மார்க் கூட இருந்துச்சே" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். கணக்கில் நூறு வாங்கி வந்தால் "பேப்பர் லேசா இருந்திருக்கும்" என்பேன். வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் ஒரே பதில். சுமாராகத்தான் படிப்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லி அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. மனதுக்குள் என்ன இருந்தது என்பது வேறு விஷயம். மனதுக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அது எப்படி வேலை செய்யும்? "கண்ணு, அம்மா வெளியே சும்மா சொல்றேன், உள்ளே அப்படி இல்லை" என்று அவள் காதில் சொன்னால் போதும், கேட்கக் கூடாதது கேட்டுவிடும். அவளிடம் விளக்கவே முடியாது. அதுதான் அதில் இருக்கிற கஷ்டம்.

நாச்சக்காவுக்கு அந்தக் கஷ்டம் எல்லாம் இல்லை. "கண்ணு, உன்னை வித்த தவுட்டை எங்க எருமை ஒரே வேளையில தின்னுபோட்டுது, இல்லாட்டி திருப்பிக் குடுத்துட்டு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்" என்று தெருவில் வைத்துக் கொஞ்சுவாள். குப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் சொல்ல வந்தேன். அவளுக்கு எதுவும் ஒட்டாது. நான் சொல்வதும் ஒட்டாது, ஊர் சொல்வதும் ஒட்டாது. எங்கே இருந்து வந்ததோ அப்படி ஒரு நம்பிக்கை. எனக்குப் பயமாக இருக்கும்.

ப்ளஸ் டூ படிக்கும்போது கணக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். சரி, படி. எங்கே படிக்கப் போகிறாள் தெரியுமா? சென்னையில் ஒரு பெண்கள் காலேஜ், சிஸ்டர்கள் நடத்துவது. அது கிடைக்காவிட்டால் கல்கத்தாவில் கணக்குக்கென்றே ஒரு காலேஜ், இந்தியா முழுக்கத் தேடி ஒரு வகுப்பு நிறைகிற அளவுக்குத்தான் பிள்ளைகளை எடுப்பார்களாம். ஏதோ பத்திரிகையில் பார்த்திருக்கிறாள்.

ஊரே அவளைக் கீழே இழுத்தது அம்மிணி. எல்லாருக்கும் பொறாமை. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, "அங்கெல்லாம் கான்வென்ட் பிள்ளைங்க வரும், நீ தமிழ் மீடியம், வாயைத் திறக்க முடியாம உட்கார்ந்திருப்பே" என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்கண்ணு, நம்மூருக்குப் பக்கத்துலயே காலேஜ் இருக்குது, வாசல்ல பஸ் நிக்குது. கல்கத்தாவுல மட்டும் கணக்கு வேற மாதிரியா இருக்கும்? ரெண்டும் ரெண்டும் அங்கயும் நாலுதானே?" என்றார்.

"அதைத்தான் பெரியப்பா போய்ப் பாத்துட்டு வரப்போறேன்" என்றாள் இவள்.

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நான் உள்ளே இருந்தபடியே, "அதெல்லாம் கிடைக்காது மாமா, சும்மா எழுதிப் போடறா, அவ சுமாராத்தான் படிப்பா" என்றேன். அவர்கள் சொன்னது பொறாமையில். நான் சொன்னது அவளுக்காக. ஒரே வார்த்தைதான், ஆனால் ஒன்றா?

இதில் அவள் செய்த வேலையைக் கேளுங்கள். சித்திரை மாதம், ஓடு கொதிக்கிறது, நடுவீட்டில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறாள். ஊட்டிக்குப் போன சிநேகிதியிடம் சொல்லி நூல் வாங்கி வைத்திருக்கிறாள். கல்கத்தாவில் டிசம்பரில் குளிருமாம், ரேடியோவில் சொன்னார்களாம். இன்னும் அந்த காலேஜ் பரீட்சையே எழுதவில்லை. விண்ணப்பம்கூடப் போகவில்லை. "நான் அங்க போனதுக்கப்புறம் பின்றதுக்கு நேரம் இருக்காதும்மா" என்கிறாள். வாயைப் பொத்தினேன், அவள் வாயை. என் கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது, அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள்.

நாச்சக்கா வந்து இது என்ன என்று கேட்டாள். "அவங்க அப்பாவுக்கு மப்ளர்" என்றேன்.

"மப்ளருக்கு எதுக்குடி கை?"

குப்பு தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சென்னை காலேஜிலிருந்து முதலில் கூப்பிட்டார்கள். பெண்ணும் வர வேண்டும், பெற்றவர்களில் ஒருவரும் வர வேண்டும். அவருக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர், ஷிப்டை விட்டு வர முடியாது. நான் போனேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும், காலேஜ் தெரியும், நான்தானே போக வேண்டும். ரயிலில் இதே மாதிரிதான், அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். அவள் தூங்கவில்லை. வழியில் வந்த ஸ்டேஷன் பெயரை எல்லாம் படித்துக்கொண்டு வந்தாள்.

நல்ல அறை. பெரிய மேஜை. நடுவில் பிரின்ஸிபல் சிஸ்டர், இரண்டு பக்கமும் இரண்டு டீச்சர்கள். சுவரில் ஒரு கரும்பலகை. என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அவளிடம் ஏதோ கணக்குக் கொடுத்தார்கள். எனக்குக் கணக்கு புரியாது. அவள் பலகையில் எழுதிக்கொண்டே போனாள். இங்கிலீஷில் திக்கினாள், தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டாள், சொல்லு என்றார்கள், சொன்னாள். முடித்ததும் வலது பக்கம் இருந்த டீச்சர் எழுந்து பலகைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "இந்த வழியில் நான் யோசித்ததே இல்லை" என்று சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பெண்ணை நன்றாகப் பார்த்தார். மூன்று பேரும் பார்த்தார்கள். "அபாரமான பெண்" என்றார் சிஸ்டர். "இப்படி ஒரு பிள்ளை இந்த அறைக்குள் வந்து ரொம்ப நாளாகிறது."

முன்பின் தெரியாத மூன்று பேர் அம்மிணி. அத்தனை பார்வையும் அவள்மேல். அவள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு விளக்குப் போட்ட மாதிரி நிற்கிறாள்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள் அம்மா, உங்கள் மகளைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் இங்கிலீஷில்தான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். "ஆவரேஜ்தான் சிஸ்டர். இந்தக் கணக்கு முன்னாலேயே போட்டுப் பார்த்ததாக இருக்கும். பிடிவாதம் ஜாஸ்தி. ஹாஸ்டலில் ஒத்துப்போவாளா என்பதே சந்தேகம். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்."

அந்த டீச்சர் தன் நாற்காலிக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். குப்பு என்னைப் பார்க்கவில்லை. பலகையைத் துடைக்கலாமா என்று அவர்களைக் கேட்டாள். துடைத்தாள். மூலை விடாமல் துடைத்தாள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவ்வளவு புகழ்ச்சிக்கு எதிர்த்தட்டில் அவ்வளவு போட்டால்தான் சரியாக இருக்கும் என்று எனக்குப் பட்டது.

திரும்பி வருகிற வண்டியில் காட்பாடி தாண்டுகிறவரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "ஏம்மா அங்கயும் அப்படிச் சொன்னே?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எப்படிச் சொன்னேன்?"

"வீட்டுல சொல்ற மாதிரி."

"கேட்டாங்க, சொன்னேன்."

"அவங்க நம்பிட்டாங்கம்மா."

நம்பட்டுமே என்று நினைத்தேன். நம்ப வேண்டியது அவர்கள் மட்டும்தானா? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா, அதுவும் ஓடுகிற ரயிலில். "பசிக்குதா?" என்று கேட்டேன். புளிசாதம் பிரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

அந்த காலேஜ் கிடைக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமே இல்லை. அந்த சிஸ்டர் அவளைப் புகழ்ந்த நிமிஷமே அது கெட்டுப்போய்விட்டது. நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். என் வார்த்தை போதவில்லை. இன்னும் கொஞ்சம் கூடச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கல்கத்தாவுக்கு அந்த வருஷம் தேதி போய்விட்டது. பஸ் வருகிற காலேஜில்தான் சேர்ந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கடைவீதியில் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றாராம். பெரியப்பா வந்து ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து, "வீட்டோட இருக்கறதுதான் நல்லது கண்ணு" என்றார். இவள் பழத்தை உரித்துக்கொண்டே, "ஆமாங்க பெரியப்பா, இந்த வருஷத்துக்கு நல்லதுதான்" என்றாள். இந்த வருஷத்துக்கு. கேட்டீர்களா?

ஸ்வெட்டரை அவள் பிரிக்கவில்லை. நான் எடுத்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். மறுநாள் அது மேலே இருந்தது. மறுபடியும் அடியில் போட்டேன். மறுபடியும் மேலே வந்தது.

அடுத்த வருஷம் அவளே எல்லாம் செய்தாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். விண்ணப்பம் வாங்கினாள், அப்பாவிடம் கையெழுத்து வாங்கினாள். பரீட்சை சென்னையில். "அம்மா வர வேண்டாம்ப்பா, நீங்க வாங்க" என்று அவள் முன்னறையில் சொன்னது அடுப்படியில் எனக்குக் கேட்டது. எனக்கும் அந்த வாரம் உடம்பு சரியில்லைதான். அவர் லீவு எடுத்தார். போன வருஷம் கிடைக்காத லீவு இந்த வருஷம் எப்படியோ கிடைத்தது.

பரீட்சையில் தேறி, இன்டர்வியூவுக்குக் கல்கத்தாவுக்கே கூப்பிட்டார்கள். அதற்கும் அவர்தான் போனார். திரும்பி வந்து சொன்னார். உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்களாம். இவள் முறம், குப்பைமேடு, தவிடு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அங்கே இருந்த வயசானவர் ஒருவர், "ஒரு படி தவிடா? அடிமாட்டு விலைக்கு வாங்கியிருக்கிறார்களே" என்று சிரித்தாராம். அவளும் சிரித்தாளாம். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நான் உப்பும் மிளகாயும் எடுத்து அவளைச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. அவ்வளவு கண் பட்டிருந்தது.

நான் சும்மா இருப்பேனா? முடிவு வருகிறவரைக்கும் இரண்டு மாதமும் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னேன். இன்டர்வியூ சரியாகச் செய்யவில்லை, அழுதுகொண்டு வந்தாள், பேர் வராது, மேலே படிப்பதே சந்தேகம், மாப்பிள்ளை பார்க்கிறோம். உண்மையாகவே ஜாதகத்தை எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்தேன். அவ்வளவு செய்தால்தான் நம்பும் என்று.

கிடைத்துவிட்டது.

அவர் மில்லிலிருந்து வரும்போதே லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நான் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தேன். நாச்சக்கா எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னடி, புள்ளைக்குக் கிடைச்சிருச்சாமே?"

"வெயிட்டிங் லிஸ்டுக்கா. யாராவது விட்டுட்டுப் போனாத்தான்."

குப்பு கிணற்றடியிலிருந்து ஈரத்தலையோடு வந்தாள். நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "இல்லைங்க பெரியம்மா. கிடைச்சிருச்சு. லிஸ்ட்ல பேர் இருக்குதுங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இல்லாமல். நாச்சக்கா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ற புள்ள, நான் குப்பையிலிருந்து எடுத்த புள்ள" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். அவளுக்கென்ன, அவள் அழலாம். விற்றவள்தானே.

நான் சொன்னதுதான் பலித்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இரண்டு மாதம் கிடைக்காது கிடைக்காது என்று நான் சொன்ன சொல்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயமா அது.

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம். அவர் கல்கத்தாவரை கூடப் போனார். நான் பிளாட்பாரத்தில். அவர் தண்ணீர் பிடிக்க இறங்கிப் போனபோது அவள் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியெல்லாம் பிடிக்கிற பெண் இல்லை.

"அம்மா. ஒரே ஒரு தடவை சொல்லேன்."

"என்ன சொல்லணும்?"

"எனக்குக் கிடைச்சது உனக்கு சந்தோஷம்னு. மெதுவாச் சொன்னாக் கூடப் போதும்."

பிளாட்பாரத்தில் எத்தனை பேர். போர்ட்டர்கள், வழியனுப்ப வந்தவர்கள், பக்கத்து ஜன்னலில் ஒரு கைக்குழந்தைக்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பிரயாணம், எத்தனை ஆறு, எத்தனை பாலம். அந்த நேரத்தில் போய் நான் வாயைத் திறந்து...

"பார்க்கலாம்" என்றேன். "மொதல்ல ஒரு வருஷம் தாக்குப்பிடி. முடியாட்டி வந்துரு, பஸ் காலேஜ் இருக்கவே இருக்குது."

அவள் தலையை ஆட்டினாள். கையை எடுத்துக்கொண்டாள். கோபமில்லை. சிரித்தாள்கூட. வண்டி கிளம்பும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். எல்லாப் பாலத்தையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தாள்.

அப்புறம் என்ன. படித்தாள், மேலே படித்தாள், அங்கேயே வாத்தியார் வேலை, அங்கேயே ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான். கடிதம் எல்லாம் அவள் அப்பாவுக்கு எழுதுவாள். கடைசியில் "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று இருக்கும். அவர் கண்ணை மூடிய பிறகு போன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மழை உண்டா. அவளைப் பற்றிக் கேட்டால், "சுமாராத்தான் இருக்கேம்மா" என்பாள். எப்போதும் அதே பதில். நல்ல பெண், எதையும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான் அம்மிணி. அதைச் சொல்லத்தான் இத்தனையும். அவளுக்கு ஒரு மகள். இந்திரஜா என்று பெயர், அங்கத்திய வழக்கம் போல. எனக்கு ஒரே பேத்தி. தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசும், "பாட்டி, நீங்க சொல்லுங்க" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பெண் ப்ளஸ் டூ வந்ததும் அங்கே இங்கே என்று பரீட்சை எழுத ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பு போனில், "அம்மா, அவளுக்கு ரிசல்ட் எல்லாம் வர்ற வரைக்கும் நீ அவகூடப் பேச வேண்டாம்" என்றாள்.

"ஏன், நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலைம்மா. கொஞ்ச நாளைக்குத்தான்."

"ஒரு வார்த்தை ஆசீர்வாதம் பண்ணக்கூடாதா?"

"மாத்திரை போட்டியாம்மா?" என்றாள்.

இப்படி ஒரு தாயிடம் சொல்லலாமா? நீங்கள் சொல்லுங்கள். அந்த வருஷம் முழுக்க நான் ஒரு தப்பு வார்த்தை பேசியிருப்பேனா? பேத்தியைப் பற்றி யார் கேட்டாலும் என்ன சொல்லியிருப்பேனோ அதைத்தான் சொல்லியிருப்பேன், அதுவும் அவள் நன்மைக்குத்தான்.

முதலில் மனசு கஷ்டமாக இருந்தது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தால் எனக்கே புரிந்தது. அவளும் என் வழிக்கு வந்துவிட்டாள். இத்தனை வருஷம் கழித்து அவளுக்கும் பயம் வந்துவிட்டது, தன் பிள்ளை விஷயத்தில். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது, அப்போதுதான் தங்கும் என்று தெரிந்துகொண்டாள். நான் விளக்காமலே தெரிந்துகொண்டாள். என் பெண்ணல்லவா. அப்படி நினைத்தால் வருத்தம் கொஞ்சம் மரத்துப்போகிறது. எல்லாமே கொஞ்ச நாளில் மரத்துப்போகிறது.

உங்கள் பெண் விழித்துக்கொண்டாள் போலிருக்கிறது. இல்லையா, வெறுமனே கண்ணை மூடிக்கொண்டிருந்தாளா? கேட்டுக்கொண்டுதான் இருந்தாளா?

என்ன கண்ணு? கிடைக்கும் என்கிறாயா. அம்மாவுக்கு முன்னாலேயே நீ சொல்கிறாயே. சரி, சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மிணி, நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள், அந்தப் பக்கத்து சீட்டில் வெயில் அடிக்கும். இல்லை? சரி, அங்கே காற்று வரும், போய் உட்காருங்கள். துண்டை மறந்துவிட்டீர்களே, இந்தாருங்கள்.

பேத்தியா? அவளுக்குப் போன வருஷமே கிடைத்துவிட்டது. பெங்களூரில், அவள் ஆசைப்பட்ட இடத்திலேயே. ஜூலையில் சேர்ந்தாள். எனக்குத் தீபாவளிக்குத்தான் தெரியும்.